எசென்குலின் மார்பில் வட்ட முத்திரை

எங்கள் மாவட்ட மருத்துவமனையில் கிருமி கிடையாது. இதை நான் சொல்லவில்லை, வாசற்சுவர் சொல்கிறது. ஆளுயர எழுத்தில், நீல வண்ணத்தில், "இங்கே தொற்று: பூஜ்யம்" என்று எழுதியிருக்கிறார்கள். பூஜ்யத்தின் வயிற்றுக்குள் ஒரு புறாவையும் வரைந்திருக்கிறார்கள். புறா எதற்கு என்று ஓவியரைக் கேட்டேன். வட்டம் வெறுமையாக இருந்தால் மேலிடத்துக்குச் சந்தேகம் வரும் என்று தலைமை மருத்துவர் கருதினாராம்.

இந்தப் பூஜ்யம் எளிதில் கிட்டியதன்று. மற்ற ஊர்களில் நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கிருமி அகப்பட்டுக்கொள்கிறது. உடனே அந்த மருத்துவமனையின் பெயர் கெட்டுவிடுகிறது. எங்கள் மருத்துவமனை அந்தப் பிழையைச் செய்வதில்லை. இரத்தத்தை அதன் உரிமையாளரிடமே விட்டுவைக்கும் பெருந்தன்மை அதற்கு உண்டு.

அந்த வாசல் வழியாகத்தான் எசென்குலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணவாய்க்கும் சந்தைக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறவர். வாழ்நாளெல்லாம் சாலையோரத்தில் கைகாட்டி நிறுத்தப்பட்டு, தாளை நீட்டி, தாளிலுள்ள வட்ட முத்திரையின் கருணையால் விடுவிக்கப்பட்டவர். ஆகவே முத்திரை என்று ஒன்றைக் கண்டால் அவருடைய கை தானாகவே தொப்பியைக் கழற்றும். அவருடைய மனைவி புருல்சா சந்தையில் குமிஸ் விற்பவர். குதிரைப் பாலைப் புளிக்கவைத்து, தோற்குடுவையில் கடைந்து, நுரை தளும்ப ஊற்றித் தருவார். முத்திரை என்று ஒன்றைக் கண்டால் அதன் அடியில் என்ன இருக்கிறதென்று நகத்தால் சுரண்டிப் பார்க்கிற வகை அவர். இந்த இருவரும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பது வேறு கதை.

எசென்குலின் இரைப்பைப் புண் ஓட்டையாகி வயிறு முழுதும் நஞ்சு பரவியிருந்தது. அறுத்தார்கள், கழுவினார்கள், தைத்தார்கள். கை நரம்புகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிப்போனதால், வலப்பக்கக் காறையெலும்புக்கு அடியில் ஊசியிட்டு, இதயத்தை அடுத்த பெருஞ்சிரை வரைக்கும் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தினார்கள். சென்ட்ரல் லைன் என்பார்கள். கைநரம்பில் விட்டால் நரம்பையே பொசுக்கிவிடும் கடுமருந்துகள் அதன் வழியே போயின. வாய்க்குள் ஒரு துளி நீரும் இறங்கக்கூடாத நாட்களில் உணவும் அதன் வழியேதான் போயிற்று. அந்தக் குழாயை நான் ஒருநாளும் நிந்திக்கமாட்டேன். எங்கள் மருத்துவமனையில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த சிலவற்றில் அது ஒன்று.

இன்னொன்று, ஐசாதா என்ற நர்ஸ். குழாயைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கையுறை அணிவார். குழாயின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காய விட்டு, அதன் பிறகே மருந்தை ஏற்றுவார். மருந்து முடிந்ததும் உப்புநீர் விட்டு அலசுவார். மேலே ஒட்டியிருந்த கண்ணாடிபோன்ற பட்டை ஓரம் தூக்கினால் உடனே மாற்றுவார்.

"எதுக்குத் தங்கச்சி இத்தனை தேய்ப்பு? எங்க பஸ்ஸோட முன்கண்ணாடியக்கூட நான் இப்படித் தேய்ச்சதில்ல" என்று எசென்குல் கேட்டார்.

"இது நேரா இதயத்துக்குப் போற வாசல்ண்ணே. அழுக்குக் கையோட தொட்டா, கதவத் தொறந்து திருடன உள்ள அனுப்பின மாதிரி."

தினமும் காலையில் வேலை முடிந்ததும், சுவரில் ஒட்டியிருந்த பராமரிப்பு விதித்தாளைப் பார்த்து, அதன் கடைசி வரியை உரக்கக் கேட்பார்: "இன்னிக்கு இது வேணுமா?" மருந்து ஓடிய நாட்களில் தாமே "வேணும்" என்று பதிலும் சொல்லிக்கொள்வார்.

எசென்குல் எழுந்து உட்கார்ந்தார். புருல்சா கொண்டுவந்த ஆட்டுக்கறிச் சோர்போ சூப்பை முதலில் கரண்டியாலும் பிறகு கிண்ணத்தோடும் குடித்தார். மருந்துகள் மாத்திரைகளாயின. அன்று காலை ஐசாதா வழக்கமான கேள்வியைக் கேட்டு, வழக்கமில்லாத பதிலைச் சொன்னார்.

"வேணாம்ண்ணே. வேலையில்லாத குழாய் உள்ள இருந்தா வம்புதான் பண்ணும். இன்னிக்கே எடுத்துடலாம். சொல்லிட்டு வரேன்."

சொல்லப் போனவர் திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் நிர்வாகமே வந்தது. முன்னே தலைமை மருத்துவர் கெனேஷ் ஒமுரோவிச். அவர் தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி. இடுப்பில் ஒரு சிறு தோற்பை. அந்தப் பைக்குள் மருத்துவமனையின் வட்ட முத்திரை. மனிதர் உறங்கும்போதும் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார் என்பது ஊரறிந்தது. அவருக்குப் பின்னே, ஊழியர்களையும் வருவோர் போவோரையும் கண்காணிக்கும் விழிப்புப் பிரிவின் தலைவி ரைசா தெமிரோவ்னா. ஊரில் நான் அறிந்தவரையில், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து "யார் நீ?" என்று கேட்கக்கூடிய ஒரே பெண்மணி. கடைசியாகப் பண்டகசாலைக் காப்பாளர். அவர் எதையும் பேசுவதில்லை, எல்லாவற்றையும் பூட்டுவார்.

"இதுதானா?" என்றார் கெனேஷ் ஒமுரோவிச். குழாயைக் கேட்டார், குழாயோடு இணைந்திருந்த மனிதர்மேல் அவர் கண் போகவில்லை.

"இதேதான்" என்றார் ரைசா தெமிரோவ்னா. "இப்ப நம்மகிட்ட உள்ளது இது ஒண்ணுதான்."

"இத எடுக்கணும்னு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றார் ஐசாதா. "அண்ணன் சாப்பிடறாரு, மாத்திரை போடறாரு. அவருக்கு இது தேவையில்ல. தேவையில்லாதத உள்ள வச்சா கிருமி வரும்னு அந்தத் தாள்லயே..."

"அவருக்குத் தேவையில்லாம இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குத் தேவை. தலைநகரத்துலேருந்து ஆய்வுக் குழு வருதும்மா. எதப் பாக்க வருது? குழாய்ப் பராமரிப்பப் பாக்க. குழாயே இல்லேன்னா எதக் காட்டுறது? உன் மூஞ்சியவா?"

எசென்குல் பணிவோடு தொண்டையைச் செருமினார். "எத்தன நாளைக்குங்க ஐயா?"

"குழு வர்ற வரைக்கும்."

"எப்ப வருவாங்க?"

"அது திடீர் ஆய்வு. எப்ப திடீர்னு வருவோம்னு அவங்க கடிதம் போடுவாங்க."

அன்று முதல் அது வெறுங்குழாயாக இல்லை. "மாதிரிக் குழாய்" என்ற பதவி அதற்கு வழங்கப்பட்டது. பதவி வந்தால் பகையும் வரும் அல்லவா? பக்கத்து மாவட்டத்து மருத்துவமனை ஆளனுப்பி அதைக் கெடுத்துவிடும் என்று கெனேஷ் ஒமுரோவிச் ஐயுற்றார். ஊழியர்கள் அனைவரையும் எசென்குலின் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து உரை நிகழ்த்தினார்.

"சக ஊழியர்களே! கிருமி எப்படி வருது? கை வழியா வருது. இது விஞ்ஞானம். யாரோட கை? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. ஆனா கை இருக்கிற அத்தன பேரும் என் சந்தேகத்துல இருக்காங்க. எனக்கும் கை இருக்குன்னு நீங்க நினைக்கலாம். இது கையெழுத்துப் போடற கை. இதுல கிருமி தங்காது. இப்ப யோசிங்க. கை படறதால கிருமி வருது. கையே படாட்டா? கிருமி எதுல ஏறி வரும்? உலகம் பூரா டாக்டருங்க கை கழுவு, கை கழுவுன்னு கத்திக்கிட்டுக் கெடக்கானுங்க. நான் ஒரு படி மேல போறேன். கையே வேணாங்கறேன்!"

கைதட்டல் எழுந்தது. தட்டியவை சந்தேகத்துக்குரிய கைகள் என்பது தட்டியவர்களுக்கு மறந்துவிட்டது.

பிறகு சடங்கு நடந்தது. எங்கள் நாட்டில் அலுவலகக் கதவுகளை மாலையில் எப்படி முத்திரையிடுவார்கள் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே: கதவிலும் நிலையிலும் சேர்ந்து படும்படி ஒரு தாள்பட்டியை ஒட்டி, பாதி தாளிலும் பாதி மரத்திலுமாக முத்திரையைப் பதிப்பார்கள். அதே முறைப்படி, குழாயின் மூடியையும் ஒட்டுப்பட்டையையும் மறைத்து, எசென்குலின் மார்பின் குறுக்கே ஒரு தாள்பட்டி ஒட்டப்பட்டது. மூவர் கையெழுத்திட்டனர். கெனேஷ் ஒமுரோவிச் முத்திரையை வெளியே எடுத்தார். மை ஈரமாகவேண்டும் என்பதற்காக அதை வாயருகே கொண்டுபோய், அடிவயிற்றிலிருந்து "ஹா!" என்று ஊதினார். பாதி தாளிலும் பாதி மனிதத் தோலிலுமாக அழுத்தினார்.

"இந்த மூணு பேரும் சேர்ந்து நிக்காம இதப் பிரிக்கக்கூடாது" என்றார் ரைசா தெமிரோவ்னா. "பிரிச்சா குற்றம்."

எசென்குல் தொப்பியைத் தேடினார். தலையில் தொப்பி இல்லாததால் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அடுத்த கட்டிலில் குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்த கசாப்புக்காரர் கோஷோய், போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "எசென்குலு, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்காத. எங்க சந்தையில மாட்டு டாக்டர் வந்து தொடையில இதே மாதிரி ஊதா மையில குத்துவாரு. ஆனா அதுக்கு முன்னாடி நாங்க அத வெட்டிருப்போம்."

"வாய மூடுண்ணே."

"நான் மூடிக்கறேன். எதுக்கும் விலைய ஒட்டுறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிரு."

அதன் பிறகு குழாயை ஒருவரும் தொடவில்லை. உப்புநீர் போகவில்லை. வியர்வையில் ஒட்டுப்பட்டையின் ஓரம் தூக்கிக்கொண்டது. அதை மாற்ற முடியவில்லை, ஏனெனில் மேலே முத்திரை. தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை, ஏனெனில் கண்ணாடிபோன்ற பட்டைக்குமேல் காகிதம். ஐசாதா தினமும் காலையில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "இன்னிக்கு இது வேணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போவார். சுவர் பதில் சொல்லாது. சுவருக்கும் வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்திருக்கலாம்.

முத்திரையின் சுவையறிந்த நிர்வாகம் அதோடு நிற்கவில்லை. குழு வருவதற்குள் சோப்பு களவுபோகும் என்ற ஐயத்தால் சோப்பு அலமாரி முத்திரையிடப்பட்டது. சோப்பில்லாமல் வெறும் நீரில் கழுவுவது விதிமீறல் என்பதால் கைகழுவும் தொட்டியின் குழாய்க்கும் தாள்பட்டி ஒட்டப்பட்டது. கையுறைப் பெட்டிகள் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கப்பட்டு, மியூசியத்து மன்னர்களின் மணிமுடிபோல் மின்விளக்கில் ஒளிர்ந்தன. அவ்வளவு தூய்மையான மருத்துவமனையை நான் கண்டதில்லை. தூய்மைக்கான பொருள் எதையும் ஒருவரும் அழுக்காக்க முடியாது.

எஞ்சியிருந்த ஆபத்து உறவினர்கள். வாசலில் ரைசா தெமிரோவ்னா நீண்ட ஊசியோடு நின்று ஒவ்வொரு பொர்சோக்கையும் குத்திப் பார்த்தார். எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுக்குள் ஒற்றன் ஒளிந்திருப்பான் என்று அவர் எதிர்பார்த்தாரா, தெரியாது. புருல்சாவின் குடுவையைத் திறந்தபோது அவர் கண் சுருங்கிற்று.

"இது என்ன நுரைக்குது?"

"குமிஸ் நுரைக்காம வேற என்ன பண்ணும்? சந்தையில என் கூட வேலை பாக்கறவங்களுக்குக் குடுக்க வச்சிருக்கேன்."

"உயிரோட இருக்கா?"

"செத்த குமிஸ யாரு வாங்குவா?"

"அப்ப உயிருள்ள கிருமிய ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டாந்திருக்கீங்க."

"ஏம்மா, உங்க தாத்தாவும் இதக் குடிச்சு வளந்தவருதானே?"

"அவரு இப்ப எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"செத்துட்டாரு" என்றார் ரைசா தெமிரோவ்னா, வழக்கை வென்ற வழக்கறிஞரின் குரலில்.

அன்றோடு புருல்சா உள்ளே வரக்கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. ஆயினும் வார்டு தரைத்தளத்தில் இருந்தது. எசென்குலின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலை முத்திரையிட அவர்களுக்குத் தாள் தீர்ந்துபோயிருந்தது.

அந்த ஜன்னல் வழியாகத்தான் புருல்சா தம் கணவருக்கு வந்த முதல் குளிர்நடுக்கத்தைக் கண்டார். ஆப்பிள் மரங்கள் வெயிலில் வாடிக்கொண்டிருந்த நண்பகலில், எசென்குலின் பற்கள் தடதடத்தன; கட்டிலின் இரும்புக் கால்கள் தரையில் தாளமிட்டன. கோஷோய் தம்முடைய போர்வையை எடுத்து அவர்மேல் எறிந்தார்.

ஐசாதா நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு ஓடினார். ரைசா தெமிரோவ்னாவிடம் வெப்பமானி கேட்டார். வெப்பமானிகள் எல்லாம் முந்திய நாளே பறிமுதல் செய்யப்பட்டிருந்தன; ஒரு நோயாளிக்கு அவை அதிகம் காட்டியதால், அவை பொய் சொல்வதாக ரைசா தெமிரோவ்னா சந்தேகித்தார்.

"நெத்தி கொதிக்குதுங்க. தொட்டுப் பாத்தேன்."

"உன் கையில டிகிரி அச்சடிச்சிருக்கா?"

ஐசாதா தலைமை மருத்துவரின் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். "கெனேஷ் ஒமுரோவிச், குழாயிலேருந்து கொஞ்சம், கையிலேருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும். குழாய இன்னிக்கே எடுக்கணும். கிருமி அதுலதான் உக்காந்திருக்கு."

"ரத்தத்த அனுப்பினா பதில் வரும்" என்றார் அவர் துயரத்தோடு. "பதில் வந்தா அத யாராவது படிக்கணும். படிச்சா நமக்குத் தெரிஞ்சிடும். நாளைக்குக் குழு வருது, ஐசாதா. ஒண்ணும் தெரியாத மனுஷனா அவங்க முன்னாடி நிக்க எனக்கு உரிமையில்லையா?"

ஐசாதா ஜன்னலுக்கு வெளியே போனார். புருல்சாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அக்கா, மறைக்க மாட்டேன். விஷம் குழாய் வழியா ரத்தத்துக்குள்ள போயிட்டிருக்கு. நாளைக்குள்ள எடுக்கலேன்னா அண்ணன் தாங்க மாட்டாரு."

"நீயே பிரிச்சு எடேன்."

"நான் முத்திரையத் தொட்டா என்னை வெளிய தள்ளி, புதுக் காகிதத்த ஒட்டிருவாங்க. குழாய் உள்ளதான் இருக்கும்."

புருல்சா ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டி, கணவரின் மார்பிலிருந்த காகிதத்தின் ஓரத்தை நகத்தால் பற்றினார். நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் இரு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே, வேணாம்! முத்திரைடி! கிழிச்சா கேஸ் ஆயிடும்."

"நீ செத்தா கேஸ் ஆகாதா?"

"ஆகாது. அதுக்கு சர்டிபிகேட் குடுப்பாங்க. அதுலயும் முத்திரை இருக்கும்."

"ஏய்யா, உன்னக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு கழுதையக் கட்டிக்கிட்டிருந்தா, வலிச்சா ஒதைச்சிருக்குமேய்யா!"

கூச்சல் கேட்டு ரைசா தெமிரோவ்னா வந்தார், ஜன்னல் அடைக்கப்பட்டது, தாளுக்குப் பதிலாக ஆணி அடிக்கப்பட்டது. என் அன்பு நாட்டவரே, நிர்வாகத்தை மட்டும் பழித்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆணிக்கு முன்பே ஒரு கை இருந்தது. தன் உயிரைக் காக்க வந்த விரல்களைத் தானே தடுத்த கை அது. அப்படிப்பட்ட கைகளை நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் குழு திடீரென்று, கடிதத்தில் குறித்திருந்த நேரத்துக்கு, வந்து சேர்ந்தது. தலைவர் போலோத் சத்தாரோவிச்சின் தலையில் வெள்ளைக் கம்பளிக் கல்பாக் தொப்பியைச் சூட்டி, தோளில் பூவேலை செய்த அங்கியைப் போர்த்தினார்கள். அங்கிக்குமேல் மருத்துவமனை விதிப்படி வெள்ளைக் கோட்டு, கோட்டின் பொத்தான்கள் எட்டவில்லை. காலணிகளுக்குமேல் நீலப் பைகள். விருந்தினருக்குக் குமிஸ் வேண்டுமே? ஊரிலேயே நல்ல குமிஸ் யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்ததில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். நோயாளியிடம் நெருங்கக் கூடாத கிருமி, அதிகாரியின் குடலுக்கு உகந்ததாயிற்று. கழுத்துவரை பொத்தானிட்ட வெல்வெட்டுச் சட்டையும் வெள்ளைத் தலைச்சுற்றுமாக, குடுவையை ஏந்திக்கொண்டு, ரைசா தெமிரோவ்னாவின் தலையசைப்போடு, முன்வாசல் வழியாகவே உள்ளே நுழைந்தார் புருல்சா.

கட்டிலருகே எல்லோரும் நின்றார்கள். எசென்குலின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. அவர் தொப்பி இல்லாத நெற்றியைத் தடவினார்.

"கண்ணியமான நோயாளி" என்றார் தலைவர். குனிந்து காகிதத்தை ஆராய்ந்தார். "முத்திரை தெளிவா இருக்கு. விளிம்பு உடையல. கெனேஷ் ஒமுரோவிச், நான் எத்தனையோ ஆஸ்பத்திரி பாத்திருக்கேன். எல்லா எடத்துலயும் குழாயக் காட்டுவாங்க. இங்கதான் முதல் தடவையா நிர்வாகத்தப் பாக்கறேன்."

கெனேஷ் ஒமுரோவிச்சின் கண் பனித்தது.

"சரி, திறங்க. உள்ள பாத்துடலாம்."

கெனேஷ் ஒமுரோவிச் திரும்பி ஆட்களை எண்ணினார். திறக்க மூவர் வேண்டும். மூன்றாமவரான பண்டகசாலைக் காப்பாளர், குழு வருவதால் தம்மைக் கணக்குக் கேட்பார்கள் என்று ஐயுற்று, ஏரிக்கரை ஓய்வில்லத்துக்கு விடுப்பில் போயிருந்தார்.

"அப்ப திறந்தா செல்லாது" என்றார் தலைவர். "ஆனா பாக்காம போனேன்னு நாளைக்கு என்மேல சந்தேகம் வரும். ஒண்ணு பண்றேன். அவர் வர்ற வரைக்கும் இதுமேல எங்க முத்திரையும் இருக்கட்டும்." தம்முடைய பையிலிருந்து இன்னும் பெரிய முத்திரையொன்றை எடுத்தார். வாயருகே கொண்டுபோனார். "ஹா!" என்றார்.

"அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டார் புருல்சா.

"யாரும்மா நீ? குமிஸ ஊத்து."

புருல்சா குடுவையைத் தரையில் வைத்தார். தலைவரின் கைக்கும் கணவரின் மார்புக்கும் நடுவே புகுந்தார். இம்முறை தடுக்கும் வலு எசென்குலின் கைகளில் இல்லை. காகிதம் ஒரே இழுப்பில் கிழிந்தது.

கண்ணாடிபோன்ற பட்டையின் அடியில், குழாய் தோலுக்குள் நுழையுமிடத்தைச் சுற்றி, உள்ளங்கையகலச் சிவப்பு. நடுவே மஞ்சளாகச் சீழ். குழுவினர் நீலப் பைகள் சரசரக்கப் பின்வாங்கினார்கள். கோஷோய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் தெளிந்தவர் தலைவர். தலைவர்கள் அதற்காகத்தானே நியமிக்கப்படுகிறார்கள்?

"எல்லாரும் சாட்சி" என்றார். "முத்திரை நல்லா இருந்த வரைக்கும் இங்க சீழ் தெரிஞ்சுதா? தெரியல. கிழிச்ச அடுத்த நொடி தெரியுது. அப்ப சீழ் எதனால வந்தது? கிழிச்சதால."

"அதுவும் குமிஸ் பட்ட கையால!" என்று கூவினார் ரைசா தெமிரோவ்னா.

"வெளியாள் கொண்டுவந்த தொற்று" என்றார் கெனேஷ் ஒமுரோவிச். அவர் குரலில் மறுபிறவியெடுத்தவரின் நிம்மதி இருந்தது. "நம்மளுது இல்ல. நம்ம பூஜ்யம் அப்படியே இருக்கு!"

புருல்சா அவர்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். சந்தையில் வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவர். எதிராளிக்கு எது வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா" என்றார். "நான்தான் கொண்டாந்தேன். என் கையில இருந்த கிருமிதான். எழுதிக்கோங்க, எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன். இப்ப அந்தக் குழாய எடுங்க."

அந்த நேரம் பார்த்து ஐசாதா, தினமும் சுவரிடம் கேட்ட கேள்வியை முதன்முறையாக மனிதரிடம் கேட்டார்.

"கெனேஷ் ஒமுரோவிச், இன்னிக்கு இது வேணுமா?"

"வேணாம்!" என்று அலறினார் அவர். "குற்றத்தோட தடயம் அது! இப்பவே எடு!"

"கை கழுவணும். தொட்டிக்கு முத்திரை இருக்கு."

தலைமை மருத்துவர் ஓடிப்போய்த் தொட்டியின் தாள்பட்டியைத் தம் நகங்களாலேயே கிழித்தார். மூவர் கூடவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. சோப்பு வந்தது. கண்ணாடிப் பேழையிலிருந்து கையுறை வந்தது. ஐசாதா எசென்குலைத் தட்டையாகப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார். "அண்ணே, மூச்ச நல்லா இழுத்து அடக்கிக்கோங்க. காத்து உள்ள போயிடக் கூடாது." குழாய் வெளியே வந்தது. காற்றுப் புகாத கட்டை வைத்து, இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தார். புருல்சா கணவரின் இடக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பிடிக்கக்கூடாதென்று சொல்ல அப்போது யாருக்கும் நேரமில்லை.

எங்கள் மருத்துவமனை வரலாற்றில் முதல்முறையாகக் கிருமியைத் தேடினார்கள். குற்றவாளி வெளியாள் என்பது உறுதியானதால் தேடுவதில் ஆர்வம் கரைபுரண்டது. இரத்தம் எடுத்தார்கள், குழாயின் நுனியை வெட்டிப் புட்டியிலிட்டார்கள், தலைநகருக்குத் தனி வண்டியில் அனுப்பினார்கள். பதில் வந்தது, அதைப் படிக்கவும் செய்தார்கள். அந்தக் கிருமிக்குரிய மருந்து கைநரம்பு வழியாகப் போயிற்று. எசென்குலின் குளிர்நடுக்கம் நின்றது. கண்டுபிடித்த கிருமி மனிதத் தோலில் வாழும் வகை, குமிஸில் வாழ்வதன்று என்று ஆய்வுக்கூடம் ஒரு வரி எழுதியிருந்தது. யாருடைய தோல் என்று அது எழுதவில்லையே என்றார் ரைசா தெமிரோவ்னா.

புருல்சாவின் ஒப்புதல் வாக்குமூலம் கண்ணாடிச் சட்டமிட்டு வாசலில், பூஜ்யத்துக்கு அடியில், மாட்டப்பட்டது. கெனேஷ் ஒமுரோவிச்சுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. ஐசாதாவுக்குக் கண்டனம் வந்தது, கேட்கப்படாமல் கேள்வி கேட்டதற்காக. அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எசென்குல் வீடு திரும்பி, தெம்பு வந்ததும் மினிபஸ்ஸை எடுத்தார். காகிதம் கிழிந்து போயிருந்தாலும், தோலில் விழுந்த பாதி முத்திரை போகவில்லை. சோப்பால் தேய்த்தார், மண்ணெண்ணெயால் தேய்த்தார். புருல்சா மோரால் தேய்த்தார். அந்த மருத்துவமனையில் தரமான பொருள் ஒன்று உண்டென்றால் அது மைதான்.

கணவாய்ச் சரிவில் வழக்கமான இடத்தில் போக்குவரத்துக் காவலர் கைகாட்டினார். வெயிலுக்காக எசென்குல் சட்டையின் மேற்பொத்தான்களைத் திறந்துவிட்டிருந்தார். காவலர் உள்ளே குனிந்தார். காறையெலும்புக்கு அடியில் ஊதா நிற அரைவட்டத்தைக் கண்டார். அவர் கண்ணில் சந்தேகம் சுடர்விட்டது.

"என்னய்யா இது? அரசாங்க முத்திரை மாதிரி இருக்கு. பாதிதான் இருக்கு. மீதி எங்க?"

எசென்குலின் கை, பழக்கத்தினால், தாள்கள் இருக்கும் பெட்டியை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

"மீதிய என் பொண்டாட்டி கிழிச்சுட்டா" என்றார். "அதனாலதான் நீங்க கேக்கறதுக்கு நான் இங்க உக்காந்திருக்கேன்."